விளையாட்டுப் பாட்டும் ஐந்து கோடுகளும்: சோல்தான் கோடாய்

ஹங்கேரி நாட்டின் கெச்கெமேத் என்னும் ஊரில், புகையிரத நிலையக் கட்டடத்திலேயே 1882 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 16 ஆம் திகதி சோல்தான் கோடாய் பிறந்தார். தந்தையாருக்குப் புகையிரதப் பகுதியில் உத்தியோகம். மாற்றலாகும் இடத்துக்கெல்லாம் குடும்பமும் பெட்டி படுக்கையுடன் போனது. அந்த வாழ்க்கை நம்மவர் பலருக்குத் தெரிந்ததுதான். பிள்ளைக்கு மூன்று வயது நடக்கையில் கலாந்தா என்னும் சிறிய ஊருக்குத் தந்தையார் நிலைய அதிபராகச் சென்றார். 1892 வரை குடும்பம் அங்கேயே இருந்தது.

எங்கோ இருந்த ஒரு ஹங்கேரியருக்கு நமது நூற்றாண்டு மலரில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நம்மிடையே மேனாட்டுச் சங்கீதம் பயின்றவர்களும் உண்டு, கர்நாடக சங்கீதம் பயின்றவர்களும் உண்டு. இரண்டுக்கும் போகாமல் காலைக் கூட்டத்தில் பாடியதோடு நின்றவர்களே பெரும்பாலானோர். எந்த வகுப்பிலே இருந்தாலும், ஐந்து கோடுகளின் மேல் கறுப்புத் தலைகளும் வால்களுமாகத் தொங்கும் அந்தக் குறிகளைக் கண்டு அஞ்சியவர்கள் நம்மில் அதிகம். அந்த அச்சம் பிள்ளையின் குற்றமன்று, கற்பிக்கும் ஒழுங்கின் குற்றம் என்று எண்ணி, அந்த ஒழுங்கைத் தலைகீழாகத் திருப்ப வழி செய்தவர் கோடாய். அதற்காகத் தமது சொந்தப் புகழுக்குச் செலவிட்டிருக்கக்கூடிய ஆண்டுகளைச் சிறுபிள்ளைகளுக்குக் கொடுத்தார். அவரைப்பற்றி எழுத நமக்கு இதுவே போதிய காரணம்.

கலாந்தாவில் அவருடன் படித்த பிள்ளைகள் செருப்பில்லாமல் பள்ளிக்கு வந்த ஏழைக் குடியானவரின் பிள்ளைகள். அவர்களுடைய விளையாட்டுகள் யாவும் பாட்டோடு சேர்ந்தவை. கைகோத்து வட்டம் சுற்றுவதற்கு ஒரு பாட்டு, இருவர் கைதூக்கிப் பாலம் அமைக்க மற்றவர்கள் அடியால் நுழைந்து போவதற்கு ஒரு பாட்டு, கொக்கு நாரையைக் கண்டால் அதற்கும் ஒரு பாட்டு. வீட்டிலோ வேறு சங்கீதம். தந்தையார் வயலின் வாசிப்பார், தாயார் பியானோ வாசித்துப் பாடுவார். வீட்டில் நால்வர் கூடி வாசிக்க ஒரு செல்லோ குறைந்தது என்பதற்காகச் சிறுவன் தானாகவே அதையும் வாசிக்கப் பழகிக்கொண்டான். வீட்டுச் சங்கீதம், முற்றத்துச் சங்கீதம் என்ற இந்த இரண்டும் அவருக்குள் ஒன்றையொன்று விலக்காமல் வளர்ந்தன. பிற்காலத்தில் அவர் செய்தவை எல்லாவற்றுக்கும் விதை இதுதான் என்று சொல்லலாம்.

1900 இல் புடாபெஸ்ட் நகருக்குப் படிக்க வந்தார். பல்கலைக்கழகத்தில் மொழியும் இலக்கியமும், சங்கீதக் கல்லூரியில் இசையாக்கம் என இரண்டையும் ஒருங்கே படித்தார். அந்நாளில் புடாபெஸ்ட் நகரத்துச் சங்கீதம் பெரும்பாலும் ஜெர்மானியச் சாயல் கொண்டது. கற்றவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்களுக்குக் கிராமத்துப் பாட்டு காதில் விழுவதே இல்லை. 1905 ஆம் ஆண்டு கோடாய் தாம் சிறுவனாகத் திரிந்த பகுதிகளுக்கே திரும்பிச் சென்று, வயது முதிர்ந்தவர்களிடம் பாட்டுகளைக் கேட்டு எழுதத் தொடங்கினார். அவ்வேளையில் அவருக்கு நண்பராக வாய்த்தவர் பேலா பார்தோக். பிற்பாடு இருவரும் மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊரூராக அலைந்தார்கள். 1906 இல் ஆளுக்குப் பத்தாக இருபது பாட்டுகளுக்குப் பியானோத் துணை எழுதி ஒரு சிறு நூலை வெளியிட்டார்கள். வாங்குவார் குறைவு. அதே ஆண்டில் நாட்டுப்பாடல்களின் அடியமைப்பைப் பற்றிய ஆய்வுக்காகக் கோடாய் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அடுத்த ஆண்டு, இருபத்துநான்கு வயதில், தாம் படித்த சங்கீதக் கல்லூரியிலேயே ஆசிரியரானார். 1910 இல் எம்மா என்னும் அம்மையாரை மணந்தார். அவர் கோடாயைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர், தாமும் பியானோ வாசிப்பவர், இசை இயற்றுபவர். அவர்களின் இல்லறம் 1958 இல் எம்மா இறக்கும்வரை நீடித்தது. 1919 ஆம் ஆண்டின் அரசியற் குழப்பத்தின் பின் கோடாய்மீது விசாரணை நடந்தது, சில காலம் கற்பிக்க முடியாமல் வேலையிலிருந்து விலக்கப்பட்டிருந்தார். இந்த அவமானத்தைப் பற்றி அதிகம் விரிக்க வேண்டியதில்லை. 1923 இல், புடா, பெஸ்ட் நகரங்கள் ஒன்றாக இணைந்த ஐம்பதாம் ஆண்டு விழாவுக்காக அவர் ஆக்கிய ‘சால்முஸ் ஹுங்காரிக்குஸ்’ என்னும் பெரும் பாடற்படைப்பு அவருடைய பெயரை ஐரோப்பா முழுவதும் கொண்டுசென்றது.

நாற்பது வயதைக் கடந்து, பேர் எடுத்துவிட்ட இசையாசிரியர் ஒருவர் அடுத்தாற்போல் என்ன செய்வார்? இன்னும் பெரியதாக ஒன்று எழுதுவார். கோடாயும் எழுதத்தான் செய்தார், ஆனால் 1925 இல் அவருடைய பாதையில் ஒரு கிளை பிரிந்தது. புடா மலைப்பக்கம் உலாவப் போனபோது, உல்லாசப் பயணம் வந்திருந்த ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி மாணவியர் சிலர் பாடுவதைக் கேட்டார். குரல்கள் நன்றாகவே இருந்தன. பாட்டுத்தான் தாளமுடியாத மலிவுச் சரக்கு. நாளைக்கு வகுப்பறைகளில் நின்று நாட்டின் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் இவர்களே என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்த மாணவியரை அவர் ஏளனம் செய்யவில்லை. அவர்களுக்கு வேறு எதை யார் கொடுத்தார்கள் என்று தம்மையே கேட்டுக்கொண்டார். இந்த இடத்தில் அவர்மீது நமக்குத் தனி மதிப்பு உண்டாகிறது.

அவ்வாண்டிலேயே சிறுவர் குரல்களுக்கென்று இரண்டு பாட்டுகளை ஆக்கினார். அவற்றில் ஒன்று, வசந்தம் பிறக்கும் வேளையில் கிராமத்துப் பெண்பிள்ளைகள் அலங்கரித்த மரக்கிளையை ஏந்தி வீதிவலம் வரும் வழக்கத்திலிருந்து எடுத்தது. 1927 இல் வந்த இன்னொன்று, கைதூக்கிப் பாலம் அமைக்கும் விளையாட்டைச் சேர்ந்தது. தெருப்புழுதியில் பாடிய பாட்டுகள் மேடைக்கு வந்தன. சாதாரண நகரப் பாடசாலைச் சிறுவர்கள் அவற்றைப் பல குரல்களில் பாடினார்கள். கேட்டவர்களுக்கு வியப்பு. முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். ஓர் உயர்ந்த இசையாசிரியர் குடியானவப் பிள்ளைகளின் பாட்டை மண்டபத்துக்கு இழுத்து வருவதா என்பது அவர்களுடைய முறைப்பாடு.

1929 இல் சிறுவர் பாடற்குழுக்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் அவர் தம் எண்ணத்தை வெளிப்படையாக வைத்தார். ஒரு சிற்றூர்ப் பாடசாலையில் பாட்டுக் கற்பிப்பவர் யார் என்பது, தலைநகரத்து ஒப்பெரா மண்டபத்தின் பணிப்பாளர் யார் என்பதைவிட முக்கியமானது என்பது அவருடைய கட்சி. பணிப்பாளர் பிழையானவர் என்றால் விரைவில் போய்விடுவார், பிழையான ஆசிரியரோ முப்பது வருடம் இருந்து முப்பது வகுப்புப் பிள்ளைகளின் இசை விருப்பத்தைக் கருக்கிவிடுவார் என்பது அதற்கு அவர் சொன்ன நியாயம். சங்கீத ஆசிரியைமார் அடுத்த கூட்டத்தில் எடுத்துக்காட்டக் கூடிய நியாயம் இது.

இனி அந்த முறைக்கு வருவோம். பலரும் எண்ணுவதுபோல் கோடாய் உட்கார்ந்து எழுதிய பாடமுறைக் கைந்நூல் எதுவும் இல்லை. அவர் கொடுத்தவை கொள்கையும், பாட்டும், சின்னச் சின்னப் பயிற்சிகளும். யெனோ ஆதாம் முதலிய அவருடைய மாணவர்களும், அவர்களுக்குப் பின்வந்த பாடசாலை ஆசிரியைமாரும் அதை வகுப்பறை நடைமுறையாக்கினார்கள். பிற நாடுகளில் இருந்தவற்றைத் தயக்கமில்லாமல் எடுத்தும் கொண்டார்கள்.

அப்படி எடுத்ததில் முதலாவது ஒரு பெண்மணியின் கண்டுபிடிப்பு. இங்கிலாந்தின் நொரிச் நகரில் ஒரு குருவானவரின் மகளாக 1786 இல் பிறந்த சாரா குளோவர், எளிய பிள்ளைகளுக்குத் தேவாலயப் பாட்டுக் கற்பிக்கும்போது ஐந்து கோடுகளை முதலிலே காட்டாமல், டோ, ரே, மீ, ஃபா, சோ, லா, ட்டீ என்ற சுரப் பெயர்களை ஏணிப் படிகள்போல ஒன்றின்மேல் ஒன்றாக எழுதித் தொங்கவிட்டார். கோலால் தொட்ட படியைப் பிள்ளைகள் பாடவேண்டும். ஏழு பெயர்களும் வெவ்வேறு எழுத்தில் தொடங்கவேண்டும் என்பதற்காகக் கடைசிச் சுரத்தின் பெயரை ‘ஸீ’ யிலிருந்து ‘ட்டீ’ என மாற்றியவரும் அவரே. 1835 இல் அவர் நூல் வெளிவந்தது. ஜோன் கேர்வன் என்னும் பாதிரியார் அந்த முறையைத் தழுவி, மாற்றங்கள் செய்து, பெரும் இயக்கமாக்கினார். பின்னர் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கைச்சைகையையும் சேர்த்தார். மிஷனரிமாரோடு அது கடல் கடந்து ஆபிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் போனது. பேர் கேர்வனுக்கே நின்றது. குளோவர் அம்மையாரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதத் தகும்.

இந்த முறையில் ‘டோ’ என்பது பியானோவின் ஒரு குறிப்பிட்ட கட்டையல்ல. எந்தச் சுருதியில் பாட்டுத் தொடங்குகிறதோ அதற்கேற்ப அது நகரும். நமது சட்ஜமும் அப்படித்தான். ஆளுக்கேற்ற சுருதியில் தம்புராவைக் கூட்டிக்கொண்டு ‘ச’ பிடித்துப் பழகிய பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பியானோவில் தொடங்கிய பிள்ளைகளுக்குத்தான் இது புதுமை.

கோடாயின் வழியில் பாலர் வகுப்புப் பிள்ளை முதலில் எதையும் வாசிப்பதில்லை, விளையாடுகிறது. அந்த விளையாட்டின் பாட்டில் பெரும்பாலும் இரண்டு சுரங்களே இருக்கும்: சோ, மீ. தூரத்தில் நிற்கும் தோழியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது பிள்ளையின் குரல் தானாக இறங்கும் இறக்கம் அது. ஹங்கேரியிலும் அப்படியே, நம்மூர் ஒழுங்கையிலும் பெரும்பாலும் அப்படியே. பிறகு லா சேரும். அதன் பின் ரேயும் டோவும். அரைச்சுர இடைவெளிகளைச் சிறு குரல்கள் சுத்தமாகப் பிடிப்பது கடினம் என்பதால் ஃபாவும் ட்டீயும் கடைசியிலே வரும். டோ, ரே, மீ, சோ, லா என்ற ஐந்தும் சேர்ந்தால் நம் காதுக்கு அது மோகனம். ஹங்கேரியின் பழைய பாட்டுகள் பலவற்றில் அதே ஐந்து சுரங்கள் லாவைத் தளமாகக் கொண்டு நிற்கும். அது சுத்த தன்யாசியின் சுரவரிசை. இதை அறிந்தபோது நமக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதல்ல.

பாட்டு வாயில் நன்கு ஊறியபின், பிள்ளை தன் காலால் அதன் நடையை நடக்கிறது, கையால் அதன் தாளத்தைத் தட்டுகிறது. நெட்டைத் தட்டுக்கு ‘தா’, அதன் பாதியான இரண்டுக்கு ‘தி-தி’. பிரான்சிலிருந்து வந்த இந்தச் சொற்கள் ஒருவகை மேனாட்டுச் சொற்கட்டு என்று வைத்துக்கொள்ளலாம். பின் தரையில் குச்சிகளை அடுக்குவார்கள். ஒற்றைக் குச்சி நின்றால் ‘தா’, இரண்டு குச்சிகளின் தலையில் ஒரு குச்சியைப் படுக்க வைத்தால் ‘தி-தி’. பிள்ளை தான் இப்போது தட்டியதையே தரையில் பார்க்கிறது. உண்மையில் அது இசைக்குறியை எழுதிவிட்டது, எழுதியதாக அதற்குத் தெரியாது.

சுரத்துக்கும் அப்படியே. ஆசிரியை வாய் திறக்காமல் கையால் மட்டும் சைகை காட்டுவார், வகுப்பு பாடும். வலக்கை ஒரு பாதிக்கும் இடக்கை மறுபாதிக்கும் காட்டினால் ஆறு வயதுப் பிள்ளைகளிடமிருந்து இரண்டு குரற் சங்கீதம் பிறந்துவிடும். வேறொரு விளையாட்டில், பாடிக்கொண்டிருக்கையில் சைகை கிடைத்ததும் எல்லோரும் வாயை மூடி மனத்துக்குள்ளே பாடவேண்டும், மறு சைகையில் ஒருமிக்க வெளியே வரவேண்டும். சரியான சொல்லில், சரியான சுரத்தில் வந்து சேர்ந்தால் வெற்றி. பிள்ளைகள் இதைக் கேட்டுக் கேட்டு விளையாடுவார்கள். கோடாய் மிகவும் வற்புறுத்திய உட்செவி என்பது இப்படித்தான் திறக்கிறது. தாளைப் பார்த்தவுடன் ஒலி மனத்தில் கேட்கவேண்டும், அது இல்லாவிட்டால் விரல் தட்டும் வேலையே தவிரச் சங்கீதம் இல்லை என்பது அவர் துணிபு.

கடைசியில்தான் ஐந்து கோடுகள் வருகின்றன. அதுவும் தாளில் அல்ல, கையில். இடக்கையை நெஞ்சுக்கு முன் பக்கவாட்டில் விரித்துப் பிடித்தால், ஐந்து விரல்களும் ஐந்து கோடுகள், விரல்களுக்கு இடையே நான்கு இடைவெளிகள். சுண்டு விரல் அடிக்கோடு. வலக்கைச் சுட்டுவிரல் தொடும் இடத்தைப் பாடவேண்டும். சுண்டு விரலை ‘மீ’ என்று வைத்தால் அடுத்த விரல் ‘சோ’. நாளைக்குச் சுண்டு விரல் ‘சோ’ ஆகலாம். ரொறொன்ரோவிலோ மெல்பேணிலோ பேரப்பிள்ளைகளுடன் இருக்கும் நம் சகோதரியர் இதை வாகனத்துக்குள் இருந்தபடியே விளையாடிப் பார்க்கலாம். அந்தப் பிள்ளைகள் பள்ளியில் ஏற்கெனவே ‘தா, தி-தி’ படித்திருக்கவும் கூடும், அந்நாடுகளிலும் இந்த வழி பரவியிருக்கிறது.

இதையெல்லாம் பார்த்து, விளையாடினால் போதும் என்று கோடாய் சொன்னதாக எடுத்துக்கொள்ளலாகாது. அவர் கண்டிப்பானவர். எழுத்தறிவு எல்லோருக்கும் உரியதென்றால் இசையெழுத்தறிவும் அப்படியே என்பதுதான் அவருடைய இலக்கு. விளையாட்டு அதற்கு வாசல். வாசலிலேயே பிள்ளையை வைத்திருக்கும் ஆசிரியரை அவர் மெச்சமாட்டார். அதற்காகவே 1937 முதல் இருகுரற் பாட்டுகளைத் தொகுதி தொகுதியாக எழுதினார். கலாந்தாவின் வெறுங்கால் தோழர்களை நினைத்தே அவற்றை எழுதியதாக அந்நூலில் குறித்துவைத்தார். 1941 இல் பாலர் பாடசாலைச் சங்கீதத்தைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 1943 இல் 333 வாசிப்புப் பயிற்சிகள் கொண்ட நூல் வந்தது. ஒவ்வொன்றும் சில அடிகளே, சிறு பிள்ளை ஒரு மூச்சில் பார்த்துப் பாடக்கூடியவை.

ஆண்டுகளைக் கவனியுங்கள். ஐரோப்பா எரிந்துகொண்டிருந்தபோது எழுதியவை இவை. பார்தோக் 1940 இல் அமெரிக்காவுக்குப் போய்விட்டார், கோடாய் போகவில்லை. மனைவி எம்மா யூத வம்சத்தில் பிறந்தவர் என்பதால் 1944 இல் உயிருக்கே ஆபத்து. புடாபெஸ்ட் நகரின் ஒரு கன்னியர் மடத்தில் இருவரும் அடைக்கலம் புகுந்தார்கள். நகரம் முற்றுகையிடப்பட்டபோது ஒப்பெரா மண்டபத்தின் நிலக்கீழ் அறைகளில் தங்கினார்கள். 1945 பெப்ரவரியில், வெளியே சண்டை ஓயாத வேளையில், அந்த மண்டபத்தில் மேலங்கிகளைக் கழற்றி வைக்கும் அறையில் அவருடைய ‘மிஸ்ஸா பிரேவிஸ்’ முதன்முதலாகப் பாடப்பட்டது. தங்களைக் காத்த மடத்துக்கு நன்றியாகப் பெண்குரல்களுக்கு ஒரு பாட்டும் எழுதிக் கொடுத்தார். குண்டுகளுக்கு இடையே பாட்டோடு இருப்பது என்றால் என்ன என்பதை நம் மாணவியரில் ஒரு தலைமுறைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

போர் முடிந்தபின் அவர் பிறந்த கெச்கெமேத் நகரிலேயே ஒரு சோதனை நடந்தது. 1950 இல் மார்த்தா நெமெஸ்செகி என்னும் ஆசிரியை, நாள்தோறும் சங்கீதப் பாடம் நடக்கும் ஆரம்பப் பாடசாலை ஒன்றைத் தொடங்கி நடத்தினார். கெட்டித்தனமான பிள்ளைகளைப் பொறுக்கிச் சேர்த்த மேனிலைப் பாடசாலை அல்ல, சாதாரண ஊர்ப் பாடசாலை. தினம் ஒரு மணி நேரத்தைப் பாட்டுக்குக் கொடுத்தால் கணக்கும் வாசிப்பும் கெட்டுப்போகும் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். அப்படி ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அதே மாதிரியில் நாடெங்கும் வேறு பாடசாலைகள் எழுந்தன. கோடாய் அடிக்கடி போய் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து கேட்பார். உலகம் அறிந்தது கோடாயின் பெயரை. ஒவ்வொரு நாள் காலையிலும் பிள்ளைகளுக்கு முன் நின்றவர்கள் நெமெஸ்செகி போன்ற ஆசிரியைமாரே, இதை இந்த மலரில் சொல்லாவிட்டால் வேறு எங்கே சொல்வது?

1964 இல் உலகச் சங்கீத ஆசிரியர்களின் மாநாடு புடாபெஸ்டில் கூடியது. வந்தவர்கள் அந்த வகுப்புகளைப் பார்த்துவிட்டுத் தத்தம் நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். 1975 இல் கெச்கெமேத்தில் அவர் பெயரால் ஆசிரியர் பயிற்சிக்கென ஒரு நிறுவனம் திறக்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை. 1967 ஆம் ஆண்டு மார்ச் 6 ஆம் திகதி, எண்பத்துநான்காம் வயதில் காலமானார்.

இளமையில் பார்தோக்குடன் சேர்ந்து கனவு கண்ட ஒரு வேலை அவருடைய வாழ்நாளிலேயே அச்சேறத் தொடங்கியிருந்தது. ஹங்கேரிய மக்களின் பாட்டுகள் அனைத்தையும் வகைப்படுத்திப் பெருந்தொகுதிகளாக வெளியிடும் வேலை அது. வீரர் பாட்டும் காதற் பாட்டும் திருமணப் பாட்டும் ஒப்பாரியும் கைவசம் குவிந்திருந்தன. 1951 இல் வெளிவந்த முதலாம் தொகுதியில் இவற்றில் எதுவும் இல்லை. பெரிய தாளில் அச்சிட்ட அந்தத் தடித்த நூல் முழுவதும் பிள்ளைகளின் விளையாட்டுப் பாட்டுகளே.